சொல்லாக்கம்: தடப்பிணக்கு ஊர்வலம்

குழும நண்பர்களுக்குத் தருமபுரியிலிருந்து வணக்கம்.

வட அயர்லாந்து ஊர்வலங்களை நெறிப்படுத்துவது குறித்த மக்கள் கருத்துக்கணிப்பின் வினாக்களைத் தமிழாக்குவதற்கு, 'contentious parade' என்பதற்குச் 'சர்ச்சைக்குரிய பேரணி', 'regulation' என்பதற்குக் 'கட்டுப்பாடு' ஆகிய இரு சொற்களே போதும் என்று நேற்றைய மடலில் எழுதப்பட்டிருந்தது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

பேரணி என்றதும் நமக்குக் கட்சிக்கொடியும் கோரிக்கை முழக்கமும் நினைவுக்கு வரும். அணிவகுப்போ ஆயுதப்படை மைதானத்துக்கு உரியது. 1690ஆம் ஆண்டின் பாய்ன் போரில் கத்தோலிக்க மன்னரைப் புராட்டஸ்டன்ட் மன்னர் வென்றதை நினைவுகூர்ந்து ஜூலை 12 அன்று ஆரஞ்சுச் சங்கம் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பினர் பதாகையும் குழலும் முரசுமாகப் பழைய வழியிலேயே செல்வது, நம் ஊர்வலத்துக்கே நெருக்கமானது.

அடைமொழிதான் கடினம். அங்குள்ள போர்ட்டடவுன் நகரில் டிரம்கிரீ தேவாலயத்திலிருந்து திரும்பும் இச்சங்கத்தாரின் ஊர்வலம் கத்தோலிக்கர் வாழும் கார்வாகி சாலை வழியாக வருவதுதான் 1990களில் பெரும் மோதல்களுக்குக் காரணமாயிற்று. சண்டை அந்தச் சாலையைப் பற்றியதாக இருக்கும்போது, 'சர்ச்சைக்குரிய' என்று ஊர்வலத்தின் தலையில் அடைமொழியைச் சூட்டினால், வினாவைக் கேட்கும் முன்பே ஒரு தரப்பைக் குற்றவாளியாக்கி விடுகிறோம். ஆகவே, செல்லும் வழியைப் பற்றிப் பிணக்கு உள்ள ஊர்வலம் என்ற பொருளில் 'தடப்பிணக்கு ஊர்வலம்' என்பதை முன்வைக்கிறேன். பேருந்தின் தட எண்ணைப் பார்த்து ஏறிப் பழகியவர்களுக்குத் தடம் புதிய சொல் அன்று.

'கட்டுப்பாடு' இன்னும் ஆபத்தானது. சோதனைக்காகப் பென்னாகரம் பக்கத்தில் ஒரு மூதாட்டியிடம், "ஊர்வலத்துக்குக் கட்டுப்பாடு வேணுமாம்மா?" என்று கேட்டேன். புளி உடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "எந்தக் குடும்பத்தத் தள்ளி வெச்சாங்க?" என்று திருப்பிக் கேட்டார். ஊர்க்கட்டுப்பாட்டின் கொடுமையை அறிந்த காதில் அச்சொல் அப்படித்தான் விழும். அவ்வாறு பெறும் விடை, நாம் கேட்க நினைத்த வினாவுக்கு உரிய விடையாகாது.

வட அயர்லாந்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்வலம் நடத்துவோர் 28 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இதற்கென உள்ள ஊர்வல ஆணையம் (Parades Commission) தடம், நேரம், இசை ஆகியவற்றுக்கு நிபந்தனை விதிக்கலாமே தவிர, ஊர்வலத்தையே தடைசெய்ய அதற்கு அதிகாரமில்லை. எனவே கட்டுரைகளுக்கு 'நெறிப்படுத்தல்' என்றும், வினாத்தாளுக்கு 'நிபந்தனை விதித்தல்' என்றும் கொள்ளலாம். காவல்நிலையத்தில் திருவிழாவுக்கு அனுமதி கேட்டு மனுக்கொடுத்த எவருக்கும் நிபந்தனை என்றால் என்னவென்று தெரியும். ஆணையம் பிறப்பிப்பதைத் 'தீர்மானம்' என்றால் கிராம சபையோடு குழம்பும். 'நிபந்தனை ஆணை' என்பதே தெளிவு.

இந்த நிபந்தனைகளின் உள்ளடக்கம் நமக்கு அந்நியமானதும் அன்று. சில தேவாலயங்களைக் கடக்கும்போது ஒற்றை முரசடி மட்டுமே கேட்க வேண்டும் என்று அங்கே ஆணையிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் மசூதித் தெருத் திருப்பம் வந்ததும் பம்பைக்காரர் குச்சிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பதையும், தெருமுனை தாண்டியதும் முதல் அடியை அடிப்பதையும் நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தருமபுரி 1965 வரை அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில், 1882இல் மசூதியையும் ஊர்வலத்தையும் ஒட்டி மூண்ட கலவரம் நினைவிருப்போருக்கு, அந்த நூறடி மௌனத்தின் மதிப்பு புரியும். அதே காலத்தில் சென்னை உயர் நீதிமன்றமும், பொதுத்தெருவில் ஊர்வலம் செல்ல எல்லாச் சமயத்தாருக்கும் உரிமை உண்டு, ஆனால் அது பிறரின் வழக்கமான பயன்பாட்டைக் கெடுக்காமலும் அதிகாரியின் சட்டப்படியான ஆணைக்கு உட்பட்டும் இருக்க வேண்டும் என்று கூறியது.

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். 'நிபந்தனை வேண்டுமா' என்பதையும் 'யார் விதிக்க வேண்டும்' என்பதையும் ஒரே வினாவில் அடைக்கக் கூடாது. அங்கே தனி ஆணையம். இங்கே 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதிகாரத்தைக் காவல்துறையிடம் தருகிறது. நிபந்தனையை ஏற்பவர் அதை விதிப்பவரை ஏற்காமல் இருக்கலாம்.

'பிணக்கு' என்பது கணவன் மனைவி ஊடலாகக் கேட்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் அங்குள்ள பேச்சுவழக்கைச் சொன்னால், வினாத்தாளில் 'தடத்தகராறு' என்று மாற்றிக்கொள்ளவும் அணியமாக இருக்கிறேன்.