கோத்தகிரியிலிருந்து கோவை 'ஒன்றரை மணி நேரம்' என்று புதிதாகக் குடிவருகிறவர்களிடம் சொல்லாதீர்கள்

குஞ்சப்பனை டிரைவர்:
நேற்று இங்கே ஒரு சகோதரி ஒரு கேள்வி கேட்டிருந்தார். மாமனார் மாமியாரோடு சென்னையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து இருபது நாள் ஆகிறதாம். மாமனாருக்குச் சர்க்கரை, பிரஷர், ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட். இங்கே நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். அதற்கு 'ஓய்வூதியர்' சார் இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டார்: "மலையில் டாக்டர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கோவை ஒன்றரை மணி நேரம்தான், எதுவானாலும் கீழே இறங்கிவிடுங்கள்."

அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன். எந்த ஒன்றரை மணி நேரம் சார் அது? மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னொரு 35. எண்ணிக்கையில் எழுபதுகூட இல்லைதான். ஆனால் அரவேனு தாண்டினால் பனிமூட்டம். பலாப்பழ சீசனில் முள்ளூர், குஞ்சப்பனை பக்கம் யானை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசல். அப்புறம் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று ஊர் ஊராக நின்று போக வேண்டும். பகலில் இரண்டே கால் மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு நோயாளியையும் நான் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதில்லை.

ஓய்வூதியர்:
தம்பி, நான் 2019-இல் இங்கே வீடு வாங்கி வந்தவன். என் மனைவியின் மூட்டு வைத்தியத்துக்காக மாதம் ஒரு முறையாவது கோவை போகிறேன். விடியற்காலை 4.30-க்குக் கிளம்பினால் ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் காபி. ஒரு நாள் அல்ல, பல நாள். ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால் அதற்கு ரோட்டைக் குறை சொல்லக் கூடாது.

குஞ்சப்பனை டிரைவர்:
ஓட்டத் தெரியவில்லையா! சரி சார். 4.30-க்கு ரோட்டில் யார் இருக்கிறார்கள், காய்கறி லாரியும் நீங்களும்தானே? மூட்டு வலிக்கு முதல் நாளே நேரம் குறித்துக்கொண்டு கிளம்பலாம். நெஞ்சு வலி 4.30-க்கு அலாரம் வைத்துக்கொண்டா வரும்? அந்தப் பெரியவருக்கு ஸ்டென்ட் இருக்கிறது என்று அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். அதைப் படித்தீர்களா இல்லையா?

குன்னூர் சிஸ்டர்:
முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் காணோம், அதனால் எழுதுகிறேன். நல்ல டாக்டர் என்று எதைச் சொல்கிறோம்? இதய ஆபரேஷன் செய்கிறவரையா, இரவு பத்து மணிக்குப் போன் எடுக்கிறவரையா? இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரியவருக்குப் பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு பொது மருத்துவரை இந்த வாரமே பிடித்துக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு முறை கூட்டிப்போய்ப் பழைய ஈசிஜி, ஸ்டென்ட் வைத்த ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் காட்டி நகல் கொடுத்துவிட்டு வாருங்கள். போர்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு ஈசிஜி எடுத்து, தேவைப்பட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு முதல் ஒரு மணி நேரம் தங்கம் மாதிரி. பக்கவாதத்துக்கு ஸ்கேன் பார்த்து அந்த ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கணக்கு. அதுவும் வாய் கோணிய நிமிடத்திலிருந்து, கார் கிளம்பிய நிமிடத்திலிருந்து அல்ல.

ஓய்வூதியர்:
நாலரை மணி நேரம் இருக்கிறதாமே, சிஸ்டரே சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கோவை போய்விட்டால் இன்னும் மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. நான் சொன்னதில் என்ன தப்பு?

குஞ்சப்பனை டிரைவர்:
மறுபடியும் ஒன்றரை மணி நேரம்! சிஸ்டர் அக்கா இவ்வளவு எழுதியதில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு எண்தானா?

கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜூலை மாதம், இரவு ஏழரை மணி. ஒரு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு அம்மாவை ஏற்றினேன். மூச்சுத் திணறல். பக்கத்தில் எங்கேயும் காட்டாமல் நேராகக் கோவை போகச் சொன்னார் மகன். யாரோ அவரிடம் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள். குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கு மேலே மூன்று யானை, நடுவில் ஒரு குட்டி. ரோட்டோரப் பலா மரத்தடியில் நின்றுவிட்டன. ஹாரன் அடிக்க முடியாது, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம். பின் சீட்டில் அந்த அம்மா மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. மகன் தன் சட்டை முனையால் துடைத்துத் துடைத்து வெளியே பார்க்கிறார், அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "அண்ணா, திரும்பிவிடலாமா" என்று கேட்டார். அந்த வளைவில் எங்கே திருப்புவது?

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாற்பது நிமிடம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோத்தகிரி அரசு மருத்துவமனையிலேயே முதலில் ஆக்சிஜன் வைத்து, அங்கிருந்து 108-இல் போயிருக்கலாம். 108-இல் மருத்துவ உதவியாளர் இருப்பார். என் காரில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

ஹட்டி மகள்:
டிரைவர் அண்ணா சொல்வதுதான் நிஜம். ஓய்வூதியர் ஐயா போன்றவர்கள் வீடு வாங்கும்போது எந்த ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று பார்க்கிறார்கள். எந்த டாக்டர் பக்கத்தில் என்று பார்க்கிறார்களா? எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் படுகர் ஊரில், யாருக்காவது முடியவில்லை என்றால் பத்து வீட்டிலிருந்து ஆள் வரும். உங்கள் வில்லாவில் கேட் திறக்கவே ஆள் கிடையாது. தேயிலைத் தோட்டத்தை அழித்துக் கட்டினீர்கள், இப்போது மலையில் டாக்டரே இல்லை என்று வேறு பேசுகிறீர்கள்.

ஓய்வூதியர்:
அம்மா, நான் முறைப்படி பத்திரம் பதிந்து வாங்கிய வீடு அது. தோட்டத்தை விற்றது யார்? உங்கள் ஊர்க்காரர்தான் விற்றார். வாங்கியவன் மேல் ஏன் கோபம்? விஷயம் ரோடு. ரோட்டைப் பற்றிப் பேசுங்கள்.

கூடலூர்க்காரன்:
நீலகிரி என்றால் கோத்தகிரியும் குன்னூரும் மட்டும்தானா? கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர் மலையேற வேண்டும். எங்களுக்கெல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் கோவை என்று யாரும் கனவுகூடக் கண்டதில்லை. அவசரம் என்றால் பத்தேரி, கோழிக்கோடு என்று கேரளா பக்கம்தான் ஓடுகிறோம். மைசூர் ரோட்டில் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை தடை, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் போகலாம்.

மலையில் டாக்டர் தேடுவது வீண் என்று எழுதியதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையை ஆரம்பித்தது 1990-இல். பணியர், காட்டுநாயக்கர் ஊர்களிலிருந்தே பெண்பிள்ளைகளை எடுத்து நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். சிக்கிள் செல் ரத்தசோகை என்று ஒரு நோய், பரம்பரையாக வருவது. அதை எங்கள் பக்கத்தில் தேடித் தேடிக் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தவர்கள் மலையில் இருந்தவர்கள்தான். கோவையிலிருந்து யாரும் ஒன்றரை மணி நேரத்தில் வந்து பார்க்கவில்லை.

குன்னூர் சிஸ்டர்:
நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. எங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் வந்தது. வெறிநாய்க்கடிக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் மலையேறி வந்தார்கள். போன மாதம் இதே இடத்தில் ஒருவர், பேத்தியைக் குரங்கு கடித்துவிட்டது என்று எழுதியபோது ஓய்வூதியர் சார் அதற்கும் கோவைக்கு அழைத்துப்போகச் சொன்னார். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கேயே இலவசம்.

ஓய்வூதியர்:
பழைய கதையை எல்லாம் ஏன் இழுக்கிறீர்கள் சிஸ்டர்? அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது. என் அனுபவத்தையும் கேளுங்கள். மலையில் ஒரு தனியார் கிளினிக்கில் என் மனைவிக்கு ஆறு மாதம் வெறும் வலி மாத்திரையே கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. கோவையில் முதல் நாளே மூட்டுத் தேய்மானம் என்று கண்டுபிடித்தார்கள். ராத்திரியெல்லாம் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தவன். அதனால்தான் சொல்கிறேன், யாரையும் கெடுப்பதற்கு அல்ல.

ஹட்டி மகள்:
அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

ஓய்வூதியர்:
நடக்கிறாள். மாடிப்படி மட்டும் முடியவில்லை. கேட்டதற்கு நன்றி.

குஞ்சப்பனை டிரைவர்:
அம்மா குணமானதில் எனக்கும் சந்தோஷம்தான். அது வேறு, இது வேறு. மூட்டுக்கு, கண்ணுக்கு, பெரிய ஆபரேஷனுக்கு எல்லாம் கீழே போங்கள், நானே கூட்டிப்போகிறேன். சண்டை அதற்கு அல்ல. 'எதுவானாலும்' என்று எழுதினீர்களே, அந்த வார்த்தைக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கும்தான்.

இன்னொன்று. அவசரம் என்றதும் எல்லோரும் கீழேதான் பார்க்கிறார்கள், ஊட்டிப் பக்கம் யாரும் திரும்பவில்லை. 2025 ஏப்ரலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள், 700 படுக்கை. கோத்தகிரியிலிருந்து முப்பது கிலோமீட்டர்.

மலைக்காற்று:
ஊட்டி ரோடு மட்டும் என்ன நெடுஞ்சாலையா? அதற்குக் குன்னூர் போய் பர்லியார் வழியாக இறங்கினால் கோவைக்கே சீக்கிரம் போகலாம். ரோடு அகலம்.

குஞ்சப்பனை டிரைவர்:
தம்பி, குன்னூர் வழி சுற்று. பதினாலு கொண்டை ஊசி. கோடை சீசனில் வேறு ஒருவழிப் பாதை. ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி. மே மாதம் ஊட்டிக்கு வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் வழியாகத்தான் இறங்கும். அந்த ஒரு மாதம் ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தாலே பெரிது.

மலைக்காற்று:
நான் பர்லியார் வழியாகத்தான் எப்போதும் போகிறேன். கோத்தகிரி ரோட்டைவிட நூறு மடங்கு மேல். 

குஞ்சப்பனை டிரைவர்:
2009 நவம்பரில் மண் சரிந்தபோது எங்கே இருந்தீர்கள்? நாற்பதுக்கும் மேல் உயிர் போயிற்று. குன்னூர் ரோடு எத்தனை நாள் அடைந்து கிடந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். இரண்டு ரோடும் மழையில் ஒன்றுதான். மழை நாளில் உங்களுக்கு இருக்கிற ஆஸ்பத்திரி மலையில் இருக்கிற ஆஸ்பத்திரி மட்டும்தான்.

ஓய்வூதியர்:
எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு ஆவேசமாக ஒரு டாக்சிக்காரர் எழுதினால் அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கும். எந்த கிளினிக் உங்களுக்குக் கமிஷன் தருகிறது?

குஞ்சப்பனை டிரைவர்:
கமிஷனா! நீங்கள் எல்லோரும் கோவைக்கே ஓடினால் எனக்குத்தான் சார் சவாரி. பத்து நிமிட டாக்டரிடம் போனால் ஆட்டோவுக்குத்தான் காசு. என் வயிற்றில் நானே அடித்துக்கொண்டு எழுதுகிறேன். பின் சீட்டில் மூச்சு இழுக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். இந்த வார்த்தையை நீங்கள் திரும்பப் பெற வேண்டும்.

ஓய்வூதியர்:
நீங்கள் என்னை ஓட்டத் தெரியாதவன் மாதிரி பேசியதைத் திரும்பப் பெறுங்கள்.

குஞ்சப்பனை டிரைவர்:
அதைச் சொன்னதே நீங்கள், என்னைப் பார்த்து! மேலே போய்ப் படியுங்கள்.

புதுக்குடி மருமகள்:
கேள்வி கேட்டது நான்தான். என்னால் இவ்வளவு சண்டை வரும் என்று நினைக்கவில்லை. சிஸ்டர் அக்கா சொன்னபடி நேற்று மாமாவைப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். பழைய பேப்பர் எல்லாவற்றையும் பார்த்தார், ஒரு மாத்திரையை மாற்றினார், வீட்டு வழி கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் மாமாவுக்குச் சென்னையில் 98 காட்டும், இங்கே 95 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

குன்னூர் சிஸ்டர்:
கோத்தகிரி கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம் கண்ணு. சமவெளியைவிட இரண்டு மூன்று குறைவாகக் காட்டுவது இயல்பு. மீட்டரை மாட்டும்போது விரல் குளிர்ந்திருந்தாலும் குறைவாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ 92-க்குக் கீழே போனாலோ உடனே காட்டுங்கள். அந்த டாக்டரிடமே அவருக்கு எது இயல்பான அளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமா பெயரைப் பதிந்துவிடுங்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும்.

கூடலூர்க்காரன்:
கோத்தகிரிக்கு மட்டும் எல்லாம் வீட்டுக்கே வரும். பந்தலூர்ப் பக்கம் வந்து பாருங்கள்.

குன்னூர் சிஸ்டர்:
தம்பி, திட்டம் எல்லா ஊருக்கும்தான். உங்கள் ஊரில் வரவில்லை என்றால் அங்கே கேளுங்கள், என்னிடம் ஏன் கோபப்படுகிறீர்கள்?

ஓய்வூதியர்:
மருமகள் அம்மா, உள்ளூர் டாக்டரைப் பாருங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோவை ஆஸ்பத்திரி நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.

குஞ்சப்பனை டிரைவர்:
சார், பேச்சே வேண்டாம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டானிங்டன் சந்திப்பில் வண்டியோடு நிற்கிறேன். வாடகை வேண்டாம், டீசல் என்னுடையது. நீங்களே ஓட்டுங்கள். கடிகாரத்தை ஹட்டி மகள் பிடிக்கட்டும்.

ஓய்வூதியர்:
சனிக்கிழமை சுற்றுலாக் கூட்டம் இருக்கும். புதன்கிழமை வைத்துக்கொள்ளலாம். காலை 4.30-க்கு.

குஞ்சப்பனை டிரைவர்:
பத்து மணிக்குத்தான் சார்.

ஓய்வூதியர்:
4.30.