சீட்டு பாத்து மருந்து எடுத்துக் குடுக்குறப்ப தப்பு வராம இருக்க என்ன பண்றீங்க?

குருவிக்கூடு:
பார்மசி கவுண்டர்ல நிக்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. நேத்து ஒரு மூட்டுவாத பேஷண்ட் சீட்டுல மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம் வாரம் ஒரு தடவைன்னு இருந்துச்சு, கூட்டம் வேற, கை பழக்கத்துல கவர் மேல "தினமும் காலை"ன்னு எழுதிட்டேன். பக்கத்துல இருந்த சீனியர் அக்கா கவரத் திருப்பிப் பாத்தாங்க, ஒண்ணுமே சொல்லாம புதுக் கவர் ஒண்ண எடுத்து என் முன்னாடி வச்சாங்க. ராத்திரி தூக்கமே இல்ல. நீங்கல்லாம் நெஜமா எந்த வரிசையில செக் பண்றீங்க?

பழைய_கவுண்டர்:
தம்பி, அத தினமும் போட்டா எலும்பு மஜ்ஜையே அடங்கி ரத்த அணு கொறஞ்சு உயிருக்கே வந்துரும், தூக்கம் வராததுல தப்பே இல்ல. "வாரம் ஒரு தடவை"ன்னு மட்டும் எழுதாத, சீட்டுல எந்த நாள்னு இல்லன்னா டாக்டர்கிட்ட கேட்டு கெழமையவே எழுது, "திங்கள் மட்டும், 2.5 மில்லிகிராம் மாத்திரை மூணு"ன்னு. கூடவே ஃபோலிக் ஆசிட்னு ஒரு வைட்டமின் மாத்திரை இருக்கும், ரெண்டும் சின்னதா மஞ்சளா ஒரே மாதிரி இருக்கும்கிறதால தனித்தனி கவர்ல போடு.

வரிசைன்னு கேட்டா, ராக் பக்கம் போறதுக்கு முன்னாடி சீட்ட முழுசா படி, பேரு வயசு உட்பட. அப்புறம் அட்டை மேல இருக்குற பேரையும் பவரையும் மூணு தடவ பாக்கணும்: எடுக்கறப்ப, எண்றப்ப, மீதிய திருப்பி வைக்கறப்ப. மூணாவதத்தான் எல்லாரும் விட்டுருவாங்க, என்னையக் காப்பாத்துனதெல்லாம் அந்த மூணாவதுதான்.

சிரப்பு_ராணி:
கொழந்தைங்க மருந்துல இன்னும் உஷார் வேணும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லில 125 மில்லிகிராம்னா, ட்ராப்ஸ் ஒரே மில்லில 100 இருக்கும், அதாவது நாலு மடங்கு. சிரப் அளவ ட்ராப்ஸ்ல ஊத்துனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க! எடை கேக்காம நான் குடுக்கறதே இல்ல. வீட்டு ஸ்பூன் வேணாம், பாட்டிலோட வர்ற மூடியிலயோ சிரிஞ்சுலயோ அளந்து, அந்தக் கோட்ட பேனாவால குறிச்சுக் காட்டுவேன். ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டில்னா மொதல்ல தட்டி உதிர்த்துட்டு, ஆற வச்ச தண்ணிய கோடு வரைக்கும் ரெண்டு தடவையா ஊத்திக் குலுக்கணும். பென்சிலின் அலர்ஜி இருக்கான்னு கேக்க மறந்துறாதீங்க.

குருவிக்கூடு:
நன்றி அக்கா. கையெழுத்தே புரியலன்னா? டாக்டருக்கு போன் பண்ணா எரிஞ்சு விழுவாரோன்னு பயமா இருக்கு.

பழைய_கவுண்டர்:
எரிஞ்சு விழட்டும். வயித்துப் புண்ணுக்கான லோசெக்கையும் நீர் பிரிய குடுக்குற லேசிக்ஸையும் மாத்திப் படிச்சுக் கொழப்பம் வந்துதான் அமெரிக்காவுல 1990ல லோசெக் பேரையே பிரைலோசெக்னு மாத்துனாங்க, நாமெல்லாம் எந்த மூலை. புள்ளி வேற வில்லங்கம், 1.0 பத்தா தெரியும், .5 அஞ்சா தெரியும். அதனால நீ எழுதறப்ப 1, 0.5ன்னு எழுது. டாக்டர் போன்ல சொன்னத நீ திருப்பிச் சொல்லி அவர் "ஆமா"ன்னு சொன்னப்புறம் சீட்டுலயே தேதியோட குறிச்சு வை.

சிரப்பு_ராணி:
கடைசியா ஒண்ணு, குடுக்கறப்ப "ஒரு நாளைக்கு ரெண்டு, புரிஞ்சுதா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. "எப்ப எப்ப போடுவீங்க, சொல்லுங்க"ன்னு கேளுங்க. பாதிப் பேரு சொல்ற பதில்ல அப்பத்தான் தப்பு தெரியும். அட்டைய வெட்டுனா காலாவதி தேதி இருக்குற பக்கத்த அவங்களுக்குக் குடுங்க, இல்லன்னா அதையும் கவர்ல எழுதிருங்க.