பிரின்ஸ்டன் ரிவெர்ப்: புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கலாமா?

ஆறுகம்பி (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஃபெண்டர் '65 பிரின்ஸ்டன் ரிவெர்ப் ரீஇஷ்யூ, அதாவது அறுபதுகளின் வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப் ஒன்றை அதே கம்பெனி மறுபடி புதிதாகச் செய்த மாடல். சென்னையிலேயே பில்லோடு வாங்கியது, 230 வோல்ட் மாடல். இதுவரை ஒரு வால்வுகூட மாற்ற வேண்டி வரவில்லை.

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இருக்கிறார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்களில் வாசித்த கை. அவரிடம் அசல் சில்வர்ஃபேஸ் (முன் பலகை வெள்ளி நிறத்தில் இருக்கும் பழைய மாடல்) பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இருந்த அண்ணன் கொண்டுவந்து கொடுத்ததாம், 1971 மாடல் என்கிறார். அமெரிக்க வோல்டேஜுக்குச் செய்தது என்பதால் இங்கே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்டேஜைக் குறைக்கும் பெட்டி) வழியாகத்தான் ஓட்ட வேண்டும். இப்போது அவர் கேட்பது நேர் மாற்று. என்னுடையது அவருக்கு, அவருடையது எனக்கு, காசு கைமாற வேண்டாம். "இந்த வயசுல ஆம்ப் ஒரு கையில, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கையில எங்கப்பா தூக்குறது? சுவத்துல சொருகினா வாசிக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை, மனிதர் தங்கம்.

என் டெலிகாஸ்டர் கிட்டாரை அதில் சொருகி, வால்யூமை 4இல் வைத்து வாசித்துப் பார்த்தேன். மெல்லத் தட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அழுத்தி அடித்தால்தான் வித்தியாசம். பழையதில் நோட்டு ஒரு கணம் பின்வாங்கி, அப்புறம் வீங்கி வருகிறது. என்னுடையதில் அடித்த உடனே நேராக முகத்தில் வந்து விழும். ட்ரெமோலோவை (சத்தம் ஏறி இறங்கி அலையடிக்கும் எஃபெக்ட்) மெதுவாக வைத்து ஒரு ஈ மைனர் அடித்துவிட்டு விட்டேன், வீட்டுக்குக் கிளம்ப மனசே வரவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. ஆன் செய்து முதல் கால் மணி நேரம் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரிகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. ஹம்மும் (விடாத உறுமல் சத்தம்) என்னுடையதைவிட அதிகம். பெரியவர் "மழை நாள்ல அப்படித்தான் இருக்கும்" என்று சிரிக்கிறார்.

ஞாயிறு ஆராதனை, எப்போதாவது ஒரு கஃபே, மற்றபடி வீட்டு ரெக்கார்டிங். இதற்கு எது சரி? மாற்றிக்கொள்ளலாமா?

வால்வுப்பைத்தியம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தலைவா? ஓடிப் போய் வாங்குங்கள். உள்ளே கையால் சாலிடர் செய்த போர்டு. உங்களுடையது அச்சடித்த சர்க்யூட் போர்டு. ரீஇஷ்யூ வந்ததே 2008இல்தான், அது எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்தக் குடும்பத்து ஆள் உங்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறது.

"1965இல் சிபிஎஸ் கம்பெனி ஃபெண்டரை வாங்கிக் கெடுத்துவிட்டது, சில்வர்ஃபேஸ் வேண்டாம்" என்று யாராவது வருவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அவர்கள் அதிகம் நோண்டியது ட்வின், சூப்பர் மாதிரி பெரிய ஆம்ப்களை. பிரின்ஸ்டன் சின்னப் பையன் என்று பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். நீங்கள் மாற்றவில்லை என்றால் பெரியவர் நம்பரை எனக்கு அனுப்புங்கள்.

சாந்தோம் ஸ்ட்ராட்

மேலே சொன்ன நண்பர் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சவுண்ட் செக் செய்கிறவர் இல்லை என்று நினைக்கிறேன்.

நானும் சர்ச்சில் வாசிக்கிறேன். அங்கே ஆம்ப் முன்னால் ஒரு மைக், அது மிக்ஸருக்குப் போய், இரண்டு பெரிய பெட்டி வழியாக வெளியே வருகிறது. நீங்கள் சொல்லும் அந்தப் "பின்வாங்கி வீங்குவது" மேடையில் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். கீழே உட்கார்ந்திருக்கிற ஆன்ட்டிக்குப் பாஸ்டர் பேசும்போது பொரிகிற சத்தம் கேட்கும். சனிக்கிழமை ராத்திரி பழையது படுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? இந்த ஊரில் 400 வோல்ட் வால்வு ஆம்பைத் திறந்து தைரியமாகக் கை வைக்கிறவர்கள் எத்தனை பேர்?

என் ஓட்டு ரீஇஷ்யூவுக்கு.

ஸ்கார்பரோ சிவா

வணக்கம், கனடாவில் இருந்து எழுதுகிறேன். என்னிடமும் ஒரு சில்வர்ஃபேஸ் பிரின்ஸ்டன் இருக்கு. இங்கே 120 வோல்ட் என்றபடியால் எனக்கு அந்தத் தலையிடி இல்லை.

தம்பி, வயசை வாய்ச்சொல்லில் நம்ப வேண்டாம், பெரியவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, ஞாபகம் அப்படித்தான். ஆம்பிலேயே எழுதியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருக்கும். 606 என்றால் ஷூமேக்கர் கம்பெனி. அடுத்த ஒற்றை எண் ஆண்டின் கடைசி இலக்கம், அதற்கடுத்த இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பது. ஸ்பீக்கர் ஆக்ஸ்ஃபோர்ட் என்றால் 465, ஜென்சன் என்றால் 220, அதற்குப் பிறகு அதே கணக்கு. ஒன்றோடொன்று சில மாத இடைவெளிக்குள் வந்தால் அசல் பாகங்கள் அப்படியே இருக்கு என்று எடுக்கலாம். ஒன்று மட்டும் பத்து வருசம் தள்ளி நின்றால் அது பிறகு மாற்றியது.

இன்னொன்று. உங்கள் ரீஇஷ்யூவில் ரெக்டிஃபையர் வால்வு (ஏசி கரண்டை டிசி ஆக்குவது) 5ஏஆர்4, அதாவது ஜிஇசட்34. 70களின் சில்வர்ஃபேஸில் பெரும்பாலும் 5யு4. இது வோல்டேஜைக் கூடுதலாக இழுத்து விழுத்தும். அழுத்தி அடிக்கும்போது பின்வாங்குகிற மாதிரி இருக்கு என்று எழுதினீர்களே, அதில் ஒரு பங்கு இதுதான்.

கோவை மெக்கானிக்

தம்பி, நான் ஆரம்பத்தில் வால்வு ரேடியோ பார்த்தவன், பெங்களூரு பெல் கம்பெனி வால்வு போட்ட காலம். இப்போது கிட்டார் ஆம்ப்களும் வருகிறது. எல்லாரும் சவுண்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கரண்டில் இருந்து வருகிறேன்.

அந்த ஆம்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப் டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது உள்ளே இருக்கிற பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்கு அதே வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேலை. அதனால் சூடு. இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது என்றால் தாங்குகிறது என்று அர்த்தம், ஆனாலும் பாருங்கள்: ஒரு மணி நேரம் வாசித்து, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வையுங்கள். சுடும், பரவாயில்லை. கை வைத்தபடி இருக்கவே முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஸ்டெப் டவுனில் 110, 120 என்று இரண்டு இருந்தால் 110ஐப் போடுங்கள். வீட்டில் 240 வருகிற நேரத்தில் அதுவே 115 கொடுத்துவிடும். வால்வு ஹீட்டருக்கு அது போதும், டிரான்ஸ்ஃபார்மருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அடுத்தது எர்த். இது சவுண்டைவிட முக்கியம். கடையில் விற்கிற ஸ்டெப் டவுன் பெட்டி பலதில் அமெரிக்க சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டை சும்மா பேருக்குத்தான், பின்னால் ஒயரே இருக்காது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையை ஸ்டெப் டவுனின் சுவர் பிளக்கில் இருக்கிற எர்த் பின்னிலும் மறு முனையை ஆம்பின் இன்புட் ஜாக் நட்டிலும் வையுங்கள். பீப் வரவில்லை என்றால் அந்த ஆம்பில் கிட்டார் சொருகி மைக்கில் வாயை வைக்காதீர்கள். ஆம்புக்குப் பின்னால் கிரவுண்ட் ஸ்விட்ச் என்று ஒன்று இருந்தால், அதோடு ஒரு கண்டென்சர் மெயின் லைனில் இருந்து சேசிஸுக்குப் போகும். அது ஷார்ட் ஆனால் தகரம் முழுக்கக் கரண்ட். எங்கள் கைக்கு வந்தால் முதல் வேலை அதைக் கழற்றுவது.

பொரிகிற சத்தத்துக்கு வருவோம். மழை நாளில் அதிகம், சூடானால் குறைகிறது என்றால் எனக்குப் போர்டு மேல்தான் சந்தேகம். அந்தக் காலத்து ஃபெண்டர் போர்டு கறுப்பு ஃபைபர் அட்டை. ஈரம் குடிக்கும். ஈரம் குடித்தால் லேசாகக் கரண்டைக் கடத்த ஆரம்பிக்கும். நானூறு வோல்ட் ஓடுகிற புள்ளியில் இருந்து பக்கத்தில் வெறும் அட்டையில் மீட்டர் முனையை வைத்தால்கூட வோல்ட் காட்டுகிற போர்டை நானே பார்த்திருக்கிறேன். கடற்கரை ஊர் வேறு. இது சரி செய்யக்கூடியதுதான், காயவைத்து, தேவைப்பட்ட இடத்தில் பாகத்தை அட்டையை விட்டுத் தூக்கிக் கட்டுவோம். ஹம்முக்குக் காரணம் ஃபில்டர் கண்டென்சராக (டிசி கரண்டைச் சீராக்குவது) இருக்கும். அதில் அலுமினிய டப்பா ஒன்று, உள்ளே 20 மைக்ரோஃபேரட் நான்கு. 70களில் போட்டதே இன்னும் இருந்தால் காய்ந்திருக்கும். நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும்.

இதெல்லாம் செய்தால் அது அற்புதமான ஆம்ப். செய்யாமல் நேர் மாற்று என்றால், நீங்கள் வாங்குவது ஆம்பும் அதோடு ஒரு ரிப்பேர் பில்லும்.

கடைசியாக ஒன்று, மாற்றுவதற்கு முன்னால் கட்டாயம் செய்யுங்கள். இரண்டிலும் ஸ்பீக்கர் ஒயர் சாதாரண கால் அங்குல பிளக். இரண்டும் 8 ஓம், பத்து அங்குலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆஃப் செய்துவிட்டு, பழைய ஆம்பைப் புது ஸ்பீக்கருக்கும் புது ஆம்பைப் பழைய ஸ்பீக்கருக்கும் மாற்றிச் சொருகி வாசியுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் மட்டும் ஆன் செய்யக் கூடாது. நீங்கள் காதலிப்பது ஆம்பையா ஸ்பீக்கரையா என்று தெரிந்துவிடும். ஸ்பீக்கர்தான் என்றால் அதற்காக ஆம்பை ஏன் மாற்றணும்?

வால்வுப்பைத்தியம்

ஸ்பீக்கர் மாற்றிக் கேட்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் பெரியவர் நம்பர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ஆறுகம்பி (சென்னை)

எல்லாருக்கும் நன்றி. என் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவர் வீட்டு ஹாலில் ஒரு மத்தியானம் முழுக்க இதே வேலை. அவரும் சின்னப் பையன் மாதிரி டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சிவா அண்ணா, டிரான்ஸ்ஃபார்மரில் 606340. ஸ்பீக்கர் ஆக்ஸ்ஃபோர்ட், 465334. அப்படியென்றால் 1973 கடைசியில் செய்தது, இல்லையா? பெரியவரிடம் சொன்னேன். "அப்ப அண்ணன் எனக்கு ரெண்டு வருஷம் லேட்டாத்தான் குடுத்திருக்கான்" என்றார். ரெக்டிஃபையர் 5யு4தான்.

எர்த் பீப் வரவில்லை. மெக்கானிக் அண்ணன் சொன்னது போலவே, ஸ்டெப் டவுன் பெட்டியைத் திறந்தால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயர் இழுத்த பிறகுதான் மேற்கொண்டு வாசித்தோம். ஹம் கொஞ்சம் குறைந்தது, பொரிதல் அப்படியே. டிரான்ஸ்ஃபார்மர் சுட்டது, ஆனால் கை வைத்திருக்க முடிந்தது.

இனி ஸ்பீக்கர் கதை. பழைய ஆக்ஸ்ஃபோர்டை என் ரீஇஷ்யூவில் சொருகியதும் மேல் ஸ்தாயியின் கூர்மை பாதி போய்விட்டது. நான் "பழைய சவுண்ட்" என்று நினைத்த அந்த மெத்தென்ற தன்மை பெரும்பாலும் அந்தக் காகிதக் கூம்பில்தான் இருக்கிறது. ஆனால் மறுபக்கம், பழைய ஆம்பை என் ரீஇஷ்யூவின் ஜென்சன் ஸ்பீக்கரில் வாசித்தபோதும் அந்தப் பின்வாங்கி வீங்குவது அப்படியே இருந்தது. ட்ரெமோலோவும் அப்படியே. என் காதுக்கு அது போதும்.

பெரியவரிடம் வெளிப்படையாகப் பேசினேன். கண்டென்சர், போர்டு வேலை, கிரவுண்ட் ஸ்விட்ச் கண்டென்சர் எடுப்பது, எல்லாவற்றுக்கும் ஆகிற செலவில் பாதியை அவர் ஏற்றுக்கொள்கிறார். வேலை முடிந்து, மழை நாளில் ஒருமுறை பொரியாமல் ஓடினால் மாற்றிக்கொள்வது. அதுவரை என் ரீஇஷ்யூ அவர் வீட்டில். சாந்தோம் நண்பருக்கு: சர்ச்சில் சிஸ்டர்களிடம் கேட்டு, அங்கே சும்மா கிடக்கிற ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பை எனக்கு ஸ்டாண்ட்பையாக வைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணா, அந்த நான்கு பிரிவு டப்பா ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் முறைக்கிறார்கள். எங்கே கிடைக்கும்? ஆம்பை உங்களிடமே கொண்டு வந்தால் பார்ப்பீர்களா?

சாந்தோம் ஸ்ட்ராட்

ஸ்டாண்ட்பை வைத்துக்கொண்டீர்கள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பாஸ்டருக்கு வாழ்த்துகள்.

கோவை மெக்கானிக்

டப்பாவைத் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாம், இல்லை என்றால் பழைய டப்பாவைப் பார்வைக்கு அப்படியே விட்டுவிட்டு, உள்ளே தனித்தனியாக நான்கு புது கண்டென்சர் கட்டிவிடலாம். 450 வோல்ட் தாங்குகிறது போதாது, 500 இருக்கிறதாகப் பார்த்து நானே எடுத்து வைக்கிறேன். பின்னாளில் ஸ்டெப் டவுன் தொல்லை வேண்டாம் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொள்ளலாம், கோவையில் காயில் சுற்றுகிறவர்களுக்கா பஞ்சம்? அசல் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். விற்கிற நாள் வந்தால் அதற்குத்தான் விலை.

கொண்டு வாருங்கள், பார்க்கிறேன். சேரன் எக்ஸ்பிரஸில் வந்தால் ஆம்பை மல்லாக்கப் படுக்க வைத்து லோயர் பெர்த்துக்குக் கீழே தள்ளிவிடலாம். ஏறுவதற்கு முன்னால் வால்வுகளைக் கழற்றி, எது எந்த சாக்கெட் என்று சீட்டு எழுதி ஒட்டி, பழைய துணியில் சுற்றித் தனியாகக் கைப்பையில் எடுத்து வாருங்கள்.