பெரியவீட்டுப் பிள்ளைய குழு: வால்பாறை கல்யாணமும் ஒரு பெட்டியும்

*செவ்வாய்*

பியூலா அக்கா 6:48
வெள்ளி ராத்திரி 10 மணிக்கு தக்கலையில இருந்து எறங்கணும். இன்னோவால 7 பேரு. மிச்சம் ஜெபினையும் சேத்து 5 பேரு ஸ்விஃப்ட்ல. சீட்டுச் சண்டைய இப்பவே முடிச்சிருங்க

குலசேகரம் சித்தி 6:55
முந்திரிக்கொத்து 400 ஆச்சு. ரெண்டு டின். மட்டி வாழக்குலை 2 உண்டு. எந்த வண்டிக்க டிக்கியில வைக்க?

ஜெபின் 7:02
ஸ்விஃப்ட்ல வைங்க சித்தி. எஞ்சின் இழுவை கூட்டுற டியூனிங் பாக்ஸ் வாங்கியாச்சு. ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசியும் சும்மா ஏறும் 😎
📷 படம்

பெரியப்பா 7:03
என்னது அது

பெரியப்பா 7:03
யாருக்க வண்டியில

ஜெபின் 7:05
சின்னப் பெட்டிதான் அப்பா. வேணாம்னா கழத்திரலாம்

ஷாஜி அத்தான் 7:19
படத்த பெருசாக்கிப் பாத்தேன். மூணு பின் கனெக்டர் ரெண்டு இருக்கு, அப்போ இது ரெயில் பிரஷர் பெட்டி. ரெயில்னா இன்ஜெக்டருக்கு டீசல அழுத்தத்துல தேக்கி வைக்குற குழாய். ஸ்கேனர் மாட்டுற ஓபிடி சாக்கெட்டுல குத்துற லைட்டு மினுக்குற டப்பா இல்ல, அந்த மட்டுக்கும் தப்பிச்ச. அதுல பலதுக்கும் உள்ள எல்ஈடி தவிர ஒண்ணும் கெடையாது.
ஆனா இது செய்யுற வேலையும் பொய் சொல்லுறதுதான். ரெயில்ல உள்ள சென்சார் 5 வோல்ட் வாங்கிட்டு, அழுத்தம் ஏற ஏற 0.5-ல இருந்து 4.5 வோல்ட் வர திருப்பி அனுப்பும். பெட்டி நடுவுல நின்னு அத கொறச்சு எஞ்சின் கம்ப்யூட்டருக்கு, அதாவது ஈசியூவுக்கு, குடுக்கும். அழுத்தம் பத்தலன்னு நெனச்சு ஈசியூ பம்ப இன்னும் விரட்டும். டீசல் பீச்சுற இன்ஜெக்டர் தெறக்குற நேரம் பழையதுதான், அழுத்தம் கூடுனதால டீசல் கூட விழும். அதுவும் நேர்கணக்கு இல்ல, வர்க்கமூலக் கணக்கு. 1,400 பார் 1,540 ஆச்சுன்னா அழுத்தம் 10% கூடுது, டீசல் 5% தான் கூடும்

பியூலா அக்கா 7:21
இத நான் ராத்திரி வாசிச்சுக்கிடுதேன்

குவைத் மாமா 7:26
காத்து?

ஷாஜி அத்தான் 7:31
அதான் மாமா விசயமே. டீசல் மட்டும் கூடும், டர்போ பழைய கணக்குக்கே காத்து விடும். அப்போ கரும்புகை, எக்ஸாஸ்ட்ல சூடு. 5 பேரும் டிக்கி நெறைய சாமானுமா ஏத்தத்துல நின்னு மிதிக்கும்போ அந்தச் சூடெல்லாம் டர்போவுக்குத்தான். ரீமேப்னா, அதாவது ஈசியூ புரோகிராமையே திருத்துனா, காத்து, டைமிங், இழுவைக்க லிமிட் எல்லாத்தையும் சேத்து மாத்தலாம். அதுவும் வெவரம் தெரிஞ்சவன் செஞ்சாத்தான்

குலசேகரம் சித்தி 7:33
மக்கா டிக்கி

ஜெபின் 7:40
மைலேஜும் கூடும்னு போட்டிருக்கு அத்தான்

ஷாஜி அத்தான் 7:52
மீட்டர்ல கூடும்லே. எவ்வளவு டீசல் விட்டோம்னு ஈசியூ கணக்கு வைக்கதே அந்தப் பொய் அழுத்தத்த வச்சுதான். உள்ள கூட விழும், கணக்குல கொறஞ்சு நிக்கும். ஒரே பெட்ரோல் பங்க்ல, ஒரே பம்புல ஃபுல் டேங்க் அடிச்சு, 400 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப ஃபுல் அடிச்சாத்தான் நெசம் தெரியும்.
ஸ்கேனரும் அப்படித்தான். பெட்டி மாட்டுன பொறவு லைவ் டேட்டாவுல வாறதும் அந்தப் பொய்தான். அதனால மாட்டுறதுக்கு முன்னயே ஒருக்க எடுத்து வைக்கணும்: ஐடில்ல அழுத்தம் எவ்வளவு, மூணாங்கியர்ல முழுசா மிதிக்கும்போ ஈசியூ கேட்ட அழுத்தமும் கெடச்ச அழுத்தமும் எவ்வளவு

பெரியப்பா 7:54
ஃபுல் டேங்க்னு சொன்னதும் ஞாபகம் வருது. கடைசியா வண்டி கேட்டு வாங்கிட்டுப் போனவிய ரிசர்வ்ல கொண்டு விட்டாவ

பியூலா அக்கா 7:55
பெரியப்பா அது 2019. அவர் 500 ரூவா குடுத்தாரு

பெரியப்பா 7:55
200

குவைத் மாமா 7:58
விடுங்கப்பா. ஜெபின், இழுவை எப்போ இல்ல?

ஜெபின் 8:01
2,000 ஆர்பிஎம்முக்குக் கீழ. ஏசி போட்டா பின்னயும் மோசம்

ஷாஜி அத்தான் 8:14
1.3 டீசலுக்கு அது பொறவிக்குணம். 75 பிஎஸ் பவர், 190 என்எம் இழுவை. அந்த 190-ம் 2,000-ல தான் வரும். வளைவுல ரெண்டாம் கியர்ல உருட்டாம ஒண்ணு போட்டு 2,000-க்கு மேல வச்சு எடுத்தா ஏறும், பெட்டி வேண்டாம்.
முன்ன இருந்த இழுவையும் கொறஞ்சிருந்தா வேற தேடணும். ஏர் ஃபில்டர். டீசல் ஃபில்டர், அடச்சிருந்தா ஸ்கேனர்ல பி0087 வரும், ரெயில் அழுத்தம் கொறவுன்னு அர்த்தம். டர்போ ஓஸ், கிளாம்பு கிட்ட எண்ணெய்க் கசிவும் மிதிக்கும்போ உஸ்ஸுன்னு சத்தமும் இருக்கான்னு பாரு. பொகைய திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற இஜிஆர் வால்வுல கரி. அதுக்க பொறவு கிளட்ச். ஆளில்லாத ரோட்டுல நாலாம் கியர், 1,800-ல இருந்து முழுசா மிதி. ஆர்பிஎம் துள்ளி வேகம் ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. அந்த வண்டியில பெட்டி மாட்டுனா வால்பாறையில பாதி வளைவுலயே கிளட்ச் நாறும்

குவைத் மாமா 8:16
இன்சூரன்ஸ்?

ஷாஜி அத்தான் 8:20
சொல்லாம மாட்டுனா கிளெய்ம்ல பிடிப்பாவ. வண்டியில மாத்தம் செய்யுறதுக்கு எதிரா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் உண்டு. பொகை டெஸ்டுல ஆக்சிலேட்டர மிதிச்சுத்தான் அளப்பாவ, அங்கயும் மாட்டும்

ஜெபின் 8:22
சரி அத்தான். சும்மா தெரிஞ்சுக்கிட கேக்கேன், மாட்டணும்னா எப்படி?

பெரியப்பா 8:22
🤨

ஷாஜி அத்தான் 8:41
சும்மா தெரிஞ்சுக்கிட சொல்லுதேன்.
சாவிய எடுத்துட்டு 10 நிமிசம் விடு, ஈசியூ ஒறங்கட்டும். 10-ஆம் நம்பர் ஸ்பேனர்ல பேட்டரி நெகட்டிவ் கழத்து. ரெயில் குழாய் முனையில மூணு பின் உள்ளதுதான் சென்சார். பம்புல ரெண்டு பின் இருக்கது ரெகுலேட்டர், அத தொடாத. கனெக்டர்ல பூட்ட முதல்ல தள்ளு, பொறவு உடம்பப் பிடிச்சு இழு. வயரப் பிடிச்சு இழுக்காத. பத்து வருசம் எஞ்சின் சூட்டுல வெந்த பிளாஸ்டிக், சட்டுன்னு முறியும். சென்சாரையோ டீசல் குழாய் நட்டையோ ஸ்பேனர் வச்சு அசைக்கவே கூடாது.
நம்ம பக்கம் உப்புக்காத்து, பின்ல பச்சை பிடிச்சிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காய வச்சு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு சொட்டு. பெட்டிய பேட்டரி பக்கம் கட்டு, வயர் டர்போ பக்கம் போகவே கூடாது. செட்டிங் ஆகக் கொறஞ்சதுல வை. கூட்டுனா ரெயில் அழுத்தக் கோளாறுன்னு கோடு வந்து, எஞ்சின் லைட்டு எரிஞ்சு, வண்டி லிம்ப் மோடுக்குப் போயிரும். அப்புறம் ஊர்ந்துதான் வரணும்

குலசேகரம் சித்தி 8:43
கருவாடு ஆருக்காவது வேணுமா, கொளச்சல்ல இருந்து வந்திருக்கு

பியூலா அக்கா 8:43
எனக்கு அரைக்கிலோ நெத்திலி

குவைத் மாமா 8:44
🥲

பெரியப்பா 9:10
வண்டியில கடிகாரம் 1:10 காட்டுது. நேத்து ராத்திரி சரியாத்தான் இருந்து

பியூலா அக்கா 9:11
😂😂😂

ஜெபின் 9:13
_இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

ஷாஜி அத்தான் 9:14
பேட்டரி கழத்துனா கடிகாரம் 12:00-ல இருந்து தொடங்கும். அப்போ 8 மணிக்குப் பேட்டரி கழத்திருக்கான். நான் எழுதுறதுக்கு முன்னயே. ஜெபினே, கனெக்டருக்க படம் போடு

ஜெபின் 9:22
📷 படம்
பூட்டு மட்டும் லேசா

ஷாஜி அத்தான் 9:25
லேசா இல்ல, முழுசும் போச்சு. வண்டி குலுங்கும்போ தானா கழண்டா சிக்னல் அறும். வளைவுல எஞ்சின் அணைஞ்சா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாயிரும். டேப்பு சுத்தி ஓட்டலாம்னு நெனைக்காத. பெட்டிய கழத்தி வை. மூணு வயரோட கனெக்டர் தனியா கெடைக்கும். ஒவ்வொரு வயரையும் ஒவ்வொரு நீளத்துல வெட்டி, ஈயம் பத்தி, சூட்டுல சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் உறை போடணும். ஒரே இடத்துல மூணு முடிச்சும் வந்தா உரசி ஷார்ட் ஆகும்

ஜெபின் 9:27
நாளைக்கு காலம்பற வண்டிய சுங்கான்கடைக்கு உங்க கிட்ட கொண்டு வரட்டா

ஷாஜி அத்தான் 9:28
கனெக்டர் கெடச்சா சொல்லுதேன். நாகர்கோவில்ல இல்லன்னா திருவனந்தபுரத்துல இருந்து வரணும். வியாழன் ஆவும்

பெரியப்பா 9:30
சாவி எனக்க கையில இருக்கு

பியூலா அக்கா 9:31
அப்போ வெள்ளிக்கு ஸ்விஃப்ட் உண்டா இல்லியா? 5 பேருக்கு ரயில் பாக்கணுமா?

பெரியப்பா 9:33
பாப்போம்

குலசேகரம் சித்தி 9:34
டின்ன இன்னோவாலயே வச்சிருதேன். குலை ஒண்ணுதான் கொள்ளும் போல