உரசா இடைவெளி: உயர்த்திய வண்டிக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதை வண்டிகளின் வில்லமைப்பை (சஸ்பென்ஷன்) உயர்த்தும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் படாமல் பார்த்துக்கொள்வதைக் குறிக்க, 'உராய்வுத் தவிர்ப்பு' என்னும் சொல் நாம் எழுதும் கையேட்டுக்காக இங்கே முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி இயற்பியல் நூல்களில் 'உராய்வு' நிலைபெற்றுவிட்ட சொல். டயருக்கும் சாலைக்கும் இடையே அது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏற்றத்தில் நகராது, இறக்கத்தில் நிற்காது. டயரைப் பற்றிப் பேசும் இடத்தில் 'உராய்வுத் தவிர்ப்பு' என்றால், மழையில் வழுக்குவதைத்தான் படிப்பவர் நினைப்பார். நாம் சொல்ல வருவது, தொடக்கூடாத இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்வதை. அதற்கு 'உரசல்' என்ற சொல் பட்டறைகளில் ஏற்கெனவே புழங்குகிறது. குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் எந்தப் பட்டறையில் கேட்டாலும் "டயர் உரசுது" என்றுதான் சொல்வார்கள். 'தேய்வு' என்பதையும் விட்டுவிடலாம். அது உரசலின் விளைவு, உரசல் அன்று.

உரசலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் கையேட்டுக்கு அதைவிட முதன்மையாக வேண்டியது, உரசாமல் இருக்கத் தேவையான இடத்துக்கு ஒரு பெயர். என் மாமா மகனின் வண்டியில் நடந்ததைச் சொன்னால் அதன் காரணம் விளங்கும்.

குலசேகரத்துக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வருவதற்காக அவன் மாருதியின் ஜிம்னி ஜீப் ஒன்று வாங்கினான். அதன் டயர் 195/80 ஆர் 15: அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு, வீலின் விட்டம் 15 அங்குலம். அந்த வீலிலேயே 235/75 ஆர் 15 டயரை மாட்டி, 50 மில்லிமீட்டர் உயரம் கூடிய சுருள்வில்களையும் போட்டுக்கொண்டான். பட்டறைத் தளத்தில் நிறுத்தி டயருக்கு மேலே கையை விட்டுப் பார்த்தபோது முன்பிருந்ததைவிடத் தாராளமாக இடம் இருந்தது. தோட்டப் பாதையில் மழைநீர் அரித்த குழியைத் தாண்ட ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை ஏற்றியபோதுதான் முன்சக்கரம் உள்ளே உரசி ரப்பர் கருகும் வாடை வந்தது. "சும்மா நிக்கும்போ ஒண்ணும் இல்ல அண்ணே, ஒடிச்சு ஏறும்போதான் உரசுது" என்று அவன் சொன்ன வாக்கியத்தில் இந்தக் கலைச்சொல்லுக்கு வேண்டிய வரையறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

கணக்கு எளியது. 195/80 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 733. ஆரம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது. வில் 50 உயர்த்துகிறது, டயர் அதில் 20 எடுத்துக்கொள்கிறது. ஆகவே வண்டி நிற்கும்போது டயரின் உச்சிக்கும் மட்கார்டுக்கும் இடையே 30 மில்லிமீட்டர் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் சக்கரம் கல்லில் ஏறி வில் முழுதாக அமுங்கும்போது, அச்சு போய் முட்டும் இடம் உயர்த்துவதற்கு முன்பு எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. உயரமான வில்லால் அந்த எல்லை மாறாது. டயர் மட்டும் 20 மில்லிமீட்டர் பெருத்துவிட்டதால், அந்த நிலையில் இடம் 20 குறைகிறது. கண்ணுக்கு 30 கூடியதாகத் தெரிவதும், தேவையான நேரத்தில் 20 குறைவதும் ஒரே வண்டியில்தான். அகலத்திலும் 40 கூடியிருக்கிறது. அது உள்ளே 20, வெளியே 20 எனப் பிரிவதால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயரின் ஓரங்கள் பழைய டயர் தொடாத இடங்களையும் தொடுகின்றன.

எனவே 'டயர் இடைவெளி' என்று பொதுவாகச் சொல்வது போதாது. நான் முன்வைக்கும் சொல் 'உரசா இடைவெளி'. வில் முழுதாக அமுங்கியும் ஸ்டியரிங் முழுதாக ஒடிந்தும் இருக்கும் நிலை உட்பட, சக்கரம் அடையக்கூடிய எந்த நிலையிலும் எஞ்சியிருக்கும் மிகக் குறைந்த இடைவெளி என்பது அதன் பொருள். வண்டி சும்மா நிற்கும்போது அளப்பதை 'நிலை இடைவெளி' என்று தனியே சொல்லிக்கொள்ளலாம். 'செல்லாக் காசு', 'வாடா மல்லி' போல 'உரசா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எக்காலத்துக்கும் பொருந்தும் மறுப்பு அதில் இருக்கிறது. நேற்று உரசவில்லை, தளத்தில் உரசவில்லை என்பதன்று, எந்நிலையிலும் உரசாது என்பதே நமக்கு வேண்டிய பொருள். இலக்கணம் இவ்வளவு துல்லியமாகத் தொழில்நுட்பத்துக்குக் கைகொடுப்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. சேர்த்து எழுதினால் 'உரசாவிடைவெளி' என்றாகும். பட்டறைச் சுவரில் ஒட்டும் தாளுக்காக, பிரித்தே எழுதுவோம் என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். 'லிஃப்ட்' என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைக் குறிக்கிறது. வில்லை உயர்த்தினால் சட்டகமும் (சேசிஸ்) அதன் மேலிருக்கும் கூண்டும் (பாடி) சேர்ந்து உயர்கின்றன, ஆனால் மேலே சொன்னபடி முழு அமுக்கத்தில் இடம் கூடுவதில்லை. சட்டகத்துக்கும் கூண்டுக்கும் நடுவே கட்டைகளை வைத்துக் கூண்டை மட்டும் உயர்த்தினால், முழு அமுக்கத்திலும் மட்கார்டு மேலேயே இருப்பதால் அத்தனை இடமும் உண்மையில் கிடைக்கிறது; ஆனால் சட்டகமும் அச்சும் தரையிலிருந்து உயர்வதில்லை. முன்னதை 'வில் உயர்த்தம்' என்றும் பின்னதைக் 'கூண்டு உயர்த்தம்' என்றும் பிரிக்கலாம். லாரிக்குக் 'கூண்டு கட்டுவது' நம் நாட்டில் பழகிய வழக்கு என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிராது. 'சஸ்பென்ஷன் லிஃப்ட்' என்பதை 'இடைநீக்க உயர்த்தல்' என்று சொல்வதையும் நான் மறுக்கிறேன். 'இடைநீக்கம்' பணியாளரைப் பணியிலிருந்து தற்காலிகமாக நீக்குவது; வண்டியைத் தாங்கும் வில்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உரசா இடைவெளியை மீட்கும் முதல் வழி, சக்கரம் மேலே ஏறும் எல்லையைக் குறைப்பது. அந்த எல்லையில் இருக்கும் ரப்பரைப் பட்டறையில் 'பம்ப் ஸ்டாப்' என்கிறார்கள். 'முட்டுக்கட்டை' பொருத்தம்தான் என்றாலும், இடையூறு என்ற பொருளில் அது வெகுதூரம் போய்விட்டது. தலையைத் தாங்குவது தலையணை என்பது போல, முட்டுதலைத் தாங்குவதை 'முட்டணை' என்று சொல்லலாமா? மாமா மகனின் வண்டியில் ஆரம் 20 கூடியதால் முட்டணையையும் குறைந்தது 20 மில்லிமீட்டர் நீட்ட வேண்டியிருந்தது; சிறிது கூடுதலாகவே நீட்டினோம்.

இரண்டாவது, அச்சு பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் அதைத் திருத்துவது. சுருள்வில்லும், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை அச்சும் உள்ள வண்டியில் அச்சை நடுவில் நிறுத்தும் பக்கத் தண்டின் ஒரு முனை சட்டகத்திலும் மறுமுனை அச்சிலும் இருக்கிறது. சட்டகம் உயர்ந்தால் தண்டு மேலும் சாய்ந்து, அச்சைச் சட்டக முனையின் பக்கம் இழுக்கிறது. தண்டு 800 மில்லிமீட்டர் நீளம், முனைகளுக்கிடையே ஏற்கெனவே 100 மில்லிமீட்டர் உயர வேறுபாடு என்று கொண்டால், 50 உயர்த்தும்போது அச்சு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நகரும். ஒருபக்கச் சக்கரம் மட்டும் உரசும் வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். நீளத்தைத் திருத்தக்கூடிய தண்டு மாட்டினால் சரியாகிவிடும். முழு ஒடிப்பில் மட்டும் உரசினால், அதற்கென்று திருகு வைத்த வண்டிகளில் ஒடிப்பின் எல்லையைச் சிறிது குறைக்கலாம். திரும்பும் வட்டம் பெரிதாகும் என்பதால், கொண்டை ஊசி வளைவுகள் உள்ள நம் மலைகளில் அதை நான் விரும்பமாட்டேன்.

அளக்கும் முறையையும் வரையறையோடு சேர்க்க வேண்டும். மட்கார்டின் உட்புறத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டி, ஒரு சக்கரத்தை ஜாக்கியால் முட்டணையில் அழுந்தும்வரை உயர்த்தி, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாக ஒடித்துவிட்டு இறக்க வேண்டும். நசுங்கிய உருண்டைகளில் மிக மெலிந்ததன் தடிமனே உரசா இடைவெளி. வண்டியின் எடையே வில்லை அமுக்கப் போதாவிட்டால், சுருள்வில்லைக் கழற்றிவிட்டு இதைச் செய்வார்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கையேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிவிட வேண்டும்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒன்று எழுதியிருக்கிறேன்: "வில் உயர்த்தம் செய்தபின், முழு அமுக்கத்திலும் முழு ஒடிப்பிலும் உரசா இடைவெளியை அளந்து, போதாவிட்டால் முட்டணையை நீட்டுக." இதை இங்குள்ள பட்டறை அண்ணன் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். 'முட்டணை' என்ன என்று மட்டும் கேட்டார். கையால் தொட்டுக் காட்டியதும் தலையாட்டினார்.

வீலின் 'ஆஃப்செட்'டுக்கு, அதாவது வீலைப் பொருத்தும் முகம் வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தொலைவுக்கு, மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. 'ஒதுக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் நிதி ஒதுக்கம் குறுக்கே வருகிறது. வீல் விற்கும் கடைகளில் அதை வேறு எப்படியாவது சொல்லக் கேட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து