பொதுச் சுவரில் பதிந்த உத்திரங்கள்: பழைய தட்டட்டியை எப்படி இறக்குவது?

கேள்வி:
கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பூர்வீக வீட்டை இடித்துவருகிறோம். முன்பக்க ஓட்டுச் சாய்ப்பைப் பிரித்தாகிவிட்டது. பட்டாசலுக்கு (கூடத்துக்கு) மேலே, தேக்கு உத்திரங்களில் கட்டை அடுக்கி, செங்கல்லைக் குத்தி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்த தட்டட்டி இருக்கிறது. கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. நேற்று ஓர் உத்திரத்தைக் கடப்பாரையால் நெம்பியபோது அவர்கள் பக்கத்துச் சுவரில் விரிசல் விட்டுவிட்டது. இடிப்பை எடுத்தவரோ, மிச்சத்தை ஜேசிபியால் சாய்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம் அண்ணாச்சி. வேலையை இப்போதே நிறுத்தி, விரிசல் விட்ட அறையில் யாரும் படுக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். நெம்பிய உத்திரத்தின் இரு முனைகளுக்கும் அடியில், பலகை போட்டு, இரும்பு முட்டுக் கொடுங்கள். விரிசலின் குறுக்கே சிமெண்டுப் பூச்சு ஒன்றை வைத்துத் தேதி எழுதுங்கள். பூச்சு பிளந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். மரத்தின் விலையைக் கணக்கிட்டு இடிப்பை எடுப்பவர்கள் மரத்தைத்தான் முதலில் உருவப் பார்ப்பார்கள். ஆனால் ஏற்றிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழாகத்தான் இறக்க வேண்டும். முதலில் கைப்பிடிச் சுவர், பிறகு சுண்ணாம்புத் தளம், செங்கல், கட்டை, கடைசியில்தான் உத்திரம். உத்திரம் பொதுச் சுவருக்குள் எதுவரை போகிறது என்று அந்த வீட்டிலிருந்தும் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். அவர்களுடைய உத்திரமும் அதே குழியில், எங்கள் உத்திரத்தின் முனையை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் எந்த உத்திரத்தையும் உருவக்கூடாது. அறுக்கும் இடத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, சுவரிலிருந்து ஓரடி விட்டு ரம்பத்தால் அறுத்து, நடுத்துண்டைச் செயின் பிளாக்கில் (பளு இறக்கும் சங்கிலிக் கப்பியில்) கட்டி இறக்குங்கள். சுவருக்குள் இருக்கும் துண்டைப் பிறகு கையால் செதுக்கி எடுத்து, ஒவ்வொரு குழியையும் உடனுக்குடன் செங்கல் வைத்து இறுகக் கட்டிவிட வேண்டும்.

சுண்ணாம்புத் தளத்தைப் பெயர்ப்பவர்கள் உத்திரங்களின் குறுக்கே போட்ட பலகையில்தான் நிற்க வேண்டும். உடைத்ததைத் தட்டட்டியிலேயே குவிக்கக் கூடாது: அரையடி கனத்தில் நூறு சதுர அடித் தளமே இரண்டரை டன்னுக்கு மேல் வரும். கீழே விழுந்ததையும் பொதுச் சுவரில் சாய்த்துக் குவிக்காமல் அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

கூரை போனபின் பொதுச் சுவர் உங்கள் பக்கம் பிடிமானமின்றி நிற்கும் என்பதால், அதற்குச் சாய்வு முட்டு நிறுத்தும்வரை குறுக்குச் சுவர்களைத் தொடவேண்டாம். அவற்றையும் மேலிருந்து வரிவரியாக எடுக்க வேண்டுமே தவிர, அடியில் பறித்துத் தள்ளக் கூடாது. பொதுச் சுவரோடு சேரும் இடங்களைக் கையால் பிரித்த பிறகு மற்றவற்றுக்கு ஜேசிபி வரட்டும். ஐப்பசி மழைக்குமுன் முடியாதென்றால், திறந்து நிற்கும் சுவர்த் தலையைத் தார்ப்பாயால் மூடிவையுங்கள்.