குருத்து கையோடு வந்தது: பயிர் நோய் அனுபவங்கள்

இரணியல் விளைக்காரன்:
3 வருடம் ஆகிறது. தென்னையைப் பற்றி யார் பேசினாலும் அந்த நாற்றம்தான் முதலில் வருகிறது. ஆடிச் சாரல் விட்டு நாலைந்து நாள் இருக்கும். அப்பா நட்ட மரத்தில் குருத்து மட்டும் வெளிறி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மற்ற மட்டைகளெல்லாம் நல்ல பச்சை. வெயில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். சாரல் காலத்தில் ஏது வெயில் என்று எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

அடுத்த வெட்டுக்குத் தேங்காய் பறிக்கிற அண்ணாச்சி ஏறினார். குருத்தை இழுக்கக்கூட இல்லை, சும்மா பிடித்தார். உருவிக்கொண்டு வந்துவிட்டது. அதைக் கீழே போட்டார். அடிப்பக்கம் பழுப்புக் கூழ். செத்த எலியைப் போல நாற்றம். இறங்கி வந்து கை கால் கழுவிவிட்டு, "தம்பி, ஒரு மாதம் முன்னால் கூப்பிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மண்டை போன பிறகும் பல மாதம் அந்த மரம் குலையில் கிடந்த காயையெல்லாம் முற்றவைத்துத் தந்தது. அந்தத் தேங்காயை அம்மா அரைக்கவே மாட்டேன் என்றார்கள்.

திருவட்டாறு மருமகள்:
எங்களுக்கு வாழை. சித்தி ஆசையாக 60 ரஸ்தாளிக் கன்று கொடுத்துவிட்டார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. ஐந்தாம் மாதம் அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்கின. சத்துக் குறைவு என்று பொட்டாஷ் வாங்கிப் போட்டேன். அதற்குள் தண்டு அடியில் நெடுக வெடித்துவிட்டது. மாமா ஒரு வாழையை அடியோடு குறுக்கே வெட்டிக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் காபிப்பொடி தூவியதுபோல வட்டம் வட்டமாகப் பழுப்பு. பனாமா வாடல். மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை வேர் வழியாக ஏறிக் குழாய்களை அடைத்துவிடுமாம். அந்த மண்ணில் அது பல வருடம் கிடக்கும் என்பதால் இனி அங்கே ரஸ்தாளி கிடையாது. இப்போது ஏத்தன் (நேந்திரன் வாழை) நிற்கிறது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. சித்தியிடம் வாழையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

அருமனை:
இரணியல்காரரே, உங்களுடையது நோய் இல்லை, சிவப்புக் கூன்வண்டு. எங்கள் தென்னை விளையிலும் குருத்து இப்படித்தான் சாய்ந்தது. காதை மரத்தில் வைத்தால் உள்ளே புழு கறுக் கறுக் என்று கடிக்கிற சத்தம் கேட்டது. மருந்து கொடுக்க வேண்டியதை விட்டுவிட்டு மழையைக் குறை சொல்கிறீர்கள்.

தக்கலை ஓய்வு:
அருமனைத் தம்பி, உங்கள் வீட்டுக்கு வந்தது வண்டு, சரி. அவர் வீட்டுக்கும் வண்டுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கூன்வண்டு என்றால் தண்டில் ஓட்டை இருக்கும், மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருக்கும், பழுப்பு நீர் வடியும். நாற்றமும் புளித்த கள்ளைப் போல இருக்கும். அவர் எழுதியிருப்பது அச்சு அசல் குருத்தழுகல். மழைக்காலத்து ஈரத்தில் வருகிற பைட்டோப்தோரா என்கிற பூஞ்சை போன்ற கிருமியின் வேலை. ரப்பர் இலை ஜூன், ஜூலையில் பச்சையாகவே கொட்டுகிறதே, அதுவும் இதன் கூட்டம்தான்.

என் கதை சின்னது. ரப்பர் வைத்த மூன்றாம் வருடம் கவட்டையில் பிங்க் நோய், பட்டையைத் தாக்குகிற பூஞ்சை. துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவச் சொன்னார்கள். துரிசை, அதாவது மயில்துத்தத்தை, வீட்டிலிருந்த இரும்பு வாளியில் கரைத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் வாளியின் உட்புறம் செம்புக் குடம்போல மினுங்குகிறது. மருந்திலிருந்த செம்பு முழுவதும் வாளிக்குப் போய்விட்டது, மரத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகவே கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்பானை மட்டும். தெளிக்கிற 1 சதவீத போர்டோ கலவை 100 லிட்டர் வேண்டுமென்றால் துரிசு 1 கிலோவை 50 லிட்டரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 50 லிட்டரிலும் கரைக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றிய சூடு ஆறட்டும். பிறகு துரிசுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றுகிறவர்கள்தான் பாதிப் பேர். துடைத்த கத்தியை உள்ளே விட்டு எடுங்கள். சிவந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இல்லாவிட்டால் இலை கருகிவிடும். அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும், நாளைக்கு என்று வைக்கக்கூடாது. பசை என்றால் துரிசு 1 கிலோவுக்கு 5 லிட்டர், சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர்.

குருத்தழுகலை ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால், அழுகியதை நல்ல திசு தெரியும்வரை வெட்டி எடுத்து, பசை தடவி, மழைத் தண்ணீர் இறங்காதபடி மண்சட்டியைக் கவிழ்த்து மூடினால் புதுக் குருத்து வரும். பக்கத்து மரங்களின் மண்டைக்கும் கலவையைத் தெளிக்க வேண்டும். அதுவும் மழைக்கு முன்னால். வெட்டி எடுத்ததை எரித்துவிட வேண்டும், விளை ஓரத்தில் போடக்கூடாது.

இந்த போர்டோ மருந்தே திருடனுக்காக வந்ததுதான் தெரியுமா? பிரான்சில் சாலையோரத் திராட்சையைப் பறிக்காமல் இருக்க நீலமாகப் பூசி வைத்தார்கள். பூசிய கொடிகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்டெட் என்கிற பேராசிரியர் கவனித்து, 1885இல் எழுதினார்.

இரணியல் விளைக்காரன்:
ஓட்டை எதுவும் இல்லை, அருமனை. நாரும் தள்ளவில்லை. தக்கலை ஐயா, சட்டி கவிழ்ப்பதை அண்ணாச்சியும் சொன்னார். ஆனால் கவிழ்க்க மண்டை இருக்க வேண்டுமே. மற்ற 8 மரத்துக்கும் அந்த வருடம் தெளித்தேன், நிற்கின்றன.

அருமனை:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒருமுறை காதை வைத்துப் பார்த்திருக்கலாம்.

கருங்கல்:
வாழைக்கன்று அக்கா எழுதியதைப் படித்ததால்தான் எழுதுகிறேன். நான் சித்தியின் இடத்தில் இருக்கிறேன்.

போன வருடம் எங்கள் மரச்சீனி (மரவள்ளி) இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாய், சுருங்கி வளைந்து இருந்தது. குரோட்டன்ஸ் மாதிரி அழகாக இருக்கிறது என்று அம்மா சொன்னார்கள். மாசியில் பிடுங்கினால் கிழங்கு விரல் கனம். உரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்து நடுவதற்கான தண்டுக் கம்பை வேலியோரம் கட்டி வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார், ஒரு கட்டு கொடுத்தேன்.

அதன் பிறகுதான் ஒருவர் சொன்னார், அது தேமல் நோய், வைரஸ். வெள்ளை ஈ பரப்பும், ஆனால் பெரும்பாலும் கம்பிலேயே வந்துவிடும். மருந்து கிடையாது. நோயில்லாத செடியிலிருந்து கம்பு எடுப்பதும், முளைத்ததும் சுருண்டவற்றைப் பிடுங்கி எறிவதும்தான் வழி. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இதைத் தாங்கும் ரகங்கள் உண்டு என்றும் சொன்னார். நான் மிச்சக் கம்பை எரித்துவிட்டேன். அக்கா சித்திரையில் நட்டுவிட்டார். வேலி வழியாகப் பார்க்கிறேன், துளிரெல்லாம் சுருண்டுதான் வருகிறது.

திருவட்டாறு மருமகள்:
அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

கருங்கல்:
இல்லை. நேற்று வேலிப்பக்கம் வந்து, "உன் கம்பு ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை, எல்லாம் முளைத்துவிட்டது" என்றார்.